ஊசி முனையில் ஒரு யுத்தம்

ஒரு ஸ்வெட்டர் பின்னி முடிக்க எத்தனை நாளாகும்?

கையைப் பொறுத்தது. பழகிய கையென்றால் ஒரு வாரம், பத்து நாள். புதுசு என்றால் சிரமம். முதுகுப் பக்கத்தை முடித்து முன்பக்கத்தை ஆரம்பிப்பதற்குள் குளிர்காலம் போய்விடும். எந்த மகராசனுக்காக அளவெடுத்தோமோ, அவனுக்கு இரண்டு இன்ச் தொப்பையும் கூடியிருக்கும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், அமெரிக்கத் தபால் தணிக்கை அலுவலகத்தில் ஒருவர் ஆபீஸ் நேரத்திலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார். அதற்குத்தான் சம்பளம்! யாரோ யாருக்கோ போட்ட கடிதம் ஒன்று அவர் மேஜைக்கு வந்திருந்தது. உள்ளே ஸ்வெட்டர் பின்னும் முறை. இத்தனை 'நிட்', இத்தனை 'பர்ல்', இங்கே குறை, அங்கே கூட்டு என்று வரி வரியாகக் குறிப்புகள். பின்னல் தெரியாதவர் கண்ணுக்கு அது அச்சு அசலாகச் சங்கேத மொழி. உண்மையிலேயே சங்கேதமாக இருந்துவிட்டால்? ஒரே வழிதான். சொன்னபடி பின்னிப் பார்த்துவிடுவது. ஸ்வெட்டர் வந்தால் ஸ்வெட்டர், வராவிட்டால் உளவாளி. பின்னி முடியும்வரை அந்தக் கடிதம் நகரவில்லை. டேவிட் கான், சங்கேத எழுத்துகளின் வரலாற்றை எழுதிய தடிமனான புத்தகத்தில் (1967) இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

சிரிக்கலாம். ஆனால் அந்தத் தணிக்கைக்காரரின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. வீட்டு மூலையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பொழுதைப் போக்குகிற ஆசாமியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில்தானே வேலை நடக்கும்?

பிரெஞ்சுப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1793-ல் பெண்களை அரசியல் கூட்டங்களிலிருந்து விரட்டினார்கள். அவர்கள் பாட்டுக்குக் கில்லட்டின் மேடை அருகே போய் உட்கார்ந்து, தலைகள் விழ விழப் பின்னிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு பிம்பம் உண்டு. அதை வைத்துத்தான் சார்லஸ் டிக்கன்ஸ் 1859-ல் மேடம் டெஃபார்ஜ் என்ற பயங்கரமான பெண்ணைப் படைத்தார். சாகவேண்டியவர்களின் பெயர்களைப் பின்னலுக்குள் சங்கேதமாகப் பதிந்து வைக்கிற பெண். அதற்குப் பிறகு ஐரோப்பாவில், பின்னுகிற கிழவியைப் பார்த்தால் லேசாக ஒரு பயம்.

போகட்டும். இங்கே நாம் பேசவந்தது கிழவிகளைப் பற்றி அல்ல. சாக்ஸிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

* * *

1914, ஆகஸ்ட். முதல் உலகப்போர் ஆரம்பமாகிவிட்டது. பிரிட்டனின் போர் மந்திரி லார்டு கிச்சனர். பெரிய மீசை, சுட்டும் விரல், 'உன் நாடு உன்னை அழைக்கிறது' ரகப் போஸ்டரில் இருப்பாரே, அவரேதான். நமக்கும் பழைய ஆள். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவர்.

அவருக்கு ஆள் கிடைத்தது, துப்பாக்கி கிடைத்தது, சாக்ஸ் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கில் இளைஞர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள், மில்களால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மேரி மகாராணி நாட்டுப் பெண்களிடம் கேட்டார். 3 லட்சம் ஜோடி சாக்ஸ் வேண்டும், வயிற்றில் கட்டிக்கொள்ளும் கம்பளிப் பட்டைகள் 3 லட்சம் வேண்டும், நவம்பருக்குள்.

ஒரு சாக்ஸுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றால், ஆமாம். பதுங்குகுழிகளில் முழங்கால்வரை சேற்றுத் தண்ணீர். அதில் நாள் கணக்கில் நின்றால் கால் மரத்து, வீங்கி, நிறம் மாறி, அழுக ஆரம்பிக்கும். 'டிரெஞ்ச் ஃபுட்' என்று பெயர். விரலை எடுக்கவேண்டி வரும், சில சமயம் பாதத்தையே. முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தில் சுமார் 20 ஆயிரம் பேர் இதில் மாட்டினார்கள். குண்டு படாமலேயே! மருந்து? காலைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, காய்ந்த சாக்ஸ் மாட்டிக்கொள். நனைந்தால் மாற்று. அவ்வளவுதான். ஆளுக்கு மூன்று ஜோடி, ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது மாற்றவேண்டும் என்று பிற்பாடு உத்தரவே போட்டார்கள்.

தேசம் முழுக்க ஊசி கிளம்பியது. பிரபு வீட்டுப் பெண்கள், வேலைக்காரப் பெண்கள், பள்ளிக்கூடக் குழந்தைகள். டிராமில் பின்னினார்கள், தியேட்டரில் பின்னினார்கள், சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும் பின்னினார்கள். அதுவரை பொழுதுபோக்காக இருந்தது ஒரே மாதத்தில் தேசபக்தியாகிவிட்டது.

ஆர்வம் சரி. பின்னத் தெரியவேண்டாமா?

அங்கேதான் வம்பு. சாக்ஸில் கஷ்டமான இடங்கள் இரண்டு. குதிகால் திரும்புகிற இடம், விரல்நுனி மூடுகிற இடம். கற்றுக்குட்டிகள் குதிகாலை எங்கே திருப்புவது என்று தெரியாமல் பின்னிக்கொண்டே போனார்கள். விளைவு, யானைக்குட்டிக்குப் போடலாம் போல ஒன்று, பொம்மைக்குப் போடலாம் போல ஒன்று. இரண்டையும் ஜோடி என்று கட்டி அனுப்பினால் சிப்பாய் என்ன செய்வான்? ஒரு சாக்ஸை ஊஞ்சலாகக் கட்டிக்கொண்டேன் என்கிற ரீதியில், அனுப்பிய பெண்மணிக்கு நன்றி சொல்லும் நையாண்டிப் பாட்டு ஒன்றே சிப்பாய்கள் மத்தியில் உலவியது. 'சிஸ்டர் சூஸி' என்ற பெண் சிப்பாய்களுக்குச் சட்டை தைப்பதைப் பற்றிய நாக்குச் சுளுக்கிப் பாட்டு 1914-ல் சக்கைப்போடு போட்டது. அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வதைவிட முள்ளில் படுத்துக்கொள்ளலாம் என்பது அதில் வரும் சிப்பாய்களின் அபிப்பிராயம்.

விரல்நுனி விவகாரம் இன்னும் மோசம். அங்கே தையல் போட்டு மூடினால் உள்ளே மேடு தட்டும். 20 மைல் நடக்கிற சிப்பாய்க்கு அந்த மேடு கொப்புளம், கொப்புளம் புண், புண் சீழ். தடம் தெரியாமல் கண்ணிக்குக் கண்ணி நூலை ஓட்டி மூடும் ஒரு முறைக்கு இன்றுவரை 'கிச்சனர் ஸ்டிச்' என்றுதான் பெயர். கிச்சனரே கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். நம்புவதற்கு இல்லை. அந்த மீசைக்குக் கீழே ஊசி நூலோடு ஒரு மனிதரை என்னால் கற்பனை செய்யமுடியவில்லை. 1916 ஜூனில் அவர் போன கப்பல் கண்ணிவெடியில் மாட்டி, ஆர்க்னி தீவுகளுக்கு மேற்கே கடலில் மூழ்கி இறந்துபோனார். பெயர் சாக்ஸில் தங்கிவிட்டது.

ஆஸ்திரேலியப் பெண்கள் மட்டும் 13 லட்சம் ஜோடிக்கு மேல் பின்னி அனுப்பினார்கள். பலர் சாக்ஸின் நுனிக்குள் ஒரு துண்டுச் சீட்டை மடித்து வைத்தார்கள். பெயர், ஊர், ஒரு வாழ்த்து. யாருக்குப் போகும் என்று தெரியாது. போய்ச் சேருகிற நேரத்தில் அவன் இருப்பானா என்பதும் தெரியாது.

அமெரிக்கா 1917-ல் போருக்குள் வந்ததும் அங்கேயும் அதே பைத்தியம். செஞ்சிலுவைச் சங்கம் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தது. அளவும் முறையும் அச்சடித்துக் கொடுத்தது. வந்து சேர்ந்தவற்றைப் பரிசோதித்தார்கள். தேறாதவற்றைப் பிரித்து மறுபடி பின்னினார்கள். பிரிக்கிறவள், பின்னினவளிடம் சொல்லிக்கொள்வதில்லை. நாகரிகம்! ஜனாதிபதி உட்ரோ வில்சன் தன் பங்குக்கு வெள்ளை மாளிகைப் புல்தரையில் ஆடு மேய்த்தார். நிஜமான ஆடுகள். புல் வெட்டும் ஆட்களின் கூலி மிச்சம். 1918-ல் அந்த ரோமத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டு ஏலம் விட்டதில் செஞ்சிலுவைக்கு 52 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஆடுகள் பூச்செடிகளையும் சேர்த்து மேய்ந்துவிட்டன என்பது தோட்டக்காரரின் கவலை.

இதெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். எர்னஸ்ட் தெஸிகர் என்று ஒரு நடிகர். 1935-ல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கிறுக்கு விஞ்ஞானியாக வந்து பயமுறுத்துவாரே, அவர். முதல் போரில் சிப்பாயாகப் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். எம்ப்ராய்டரியில் கில்லாடி. கை கால் இழந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சிப்பாய்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாமே, மனசுக்கும் ஆறுதல், பிழைப்புக்கும் வழி என்றார். பென்ஷன் இலாகா முகம் சுளித்தது. ஆம்பிளைகள் செய்கிற வேலையா இது? தெஸிகர் விடவில்லை. 1918-ல் ஊனமுற்ற சிப்பாய்களுக்கான எம்ப்ராய்டரித் தொழில் அமைப்பு உருவானது. மகாராணியே ஆதரித்த பிறகு, ஆம்பிளை பொம்பிளை பேச்சு அடங்கியது.

* * *

இனி, அடுத்த போர்.

1944, மே 1. ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்மண்டியில் ஒரு பெண் பாரசூட்டில் குதிக்கிறாள். பெயர் ஃபிலிஸ் லட்டூர். வயது 23. ஆனால் வேஷம், சைக்கிளில் சோப்பு விற்றுக்கொண்டு திரியும் 14 வயதுச் சிறுமி. ஜெர்மன் சிப்பாய்களிடம் நின்று வாயாடுவாள். கண்ணில் பட்டதையெல்லாம் மனசில் குறித்துக்கொண்டு போய் வயர்லெஸ்ஸில் லண்டனுக்கு அனுப்புவாள். சங்கேதச் சாவிகள் எல்லாம் ஒரு மெல்லிய பட்டுத் துணியில் அச்சாகியிருந்தன. அதை ஒரு பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் செருகியிருந்தாள். ஒருதடவை பிடித்துக்கொண்டு போய்ச் சோதனை போட்டார்கள். சோதிக்கிற பெண்ணின் பார்வை தலைமுடிப் பக்கம் போனது. ஃபிலிஸ் சட்டென்று நாடாவை இழுத்துவிட்டு, தலையை உலுக்கி முடியைப் பரத்திக் காட்டினாள். பார்த்துக்கோ, ஒன்றுமில்லை! நாடா கையில் இருந்தது. நாடாவுக்குள் உயிர் இருந்தது.

மொத்தம் 135 செய்திகள் அனுப்பினாள். ஃபிலிஸ் 2023-ல் நியூஸிலாந்தில் 102 வயதில் காலமானார். இந்தக் கதையைத் தன் பிள்ளைகளிடம்கூடப் பல வருஷங்கள் அவர் சொல்லவில்லை.

ஃபிலிஸுக்கு ஊசி ஒரு மறைவிடம்தான். ஊசி வேலையையே ஆயுதமாக்கிய ஒரு மனிதர் இருந்தார். மேஜர் அலெக்ஸிஸ் கஸ்டாக்லி. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார்.

போர்க்கைதி முகாமில் பசி, குளிர், அடி எல்லாம் உண்டு. ஆனால் கைதிகளைத் தின்றுதீர்ப்பது பொழுது. விடிகிறது, எண்ணுகிறார்கள். சூப் ஊற்றுகிறார்கள். மறுபடி எண்ணுகிறார்கள். இருட்டுகிறது. எப்போது முடியும் என்று தெரிந்தால் தாங்கலாம். தெரியாது. அலெக்ஸிஸுக்கு அப்படி ஆறு மாதம் போனபோது, சக கைதி ஒருவர் ஒரு துண்டு கேன்வாஸ் துணியைக் கொடுத்தார். நூலுக்கு எங்கே போவது? முகாமில் ஒரு வயதான கிரீட் ஜெனரல் இருந்தார். அவருடைய புல்லோவர் நைந்து இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து சிவப்பும் நீலமுமாக நூல் எடுத்தாயிற்று.

கான்வென்ட்டில் படித்த பெண்களுக்கு 'சாம்ப்ளர்' என்றால் தெரிந்திருக்கும். கிராஸ் ஸ்டிச்சில் நடுவே எழுத்து, சுற்றிலும் பார்டர், மூலைகளில் சின்னச் சின்ன உருவம். கடைசியில் தைத்தவர் பெயரும் தேதியும். மேஜர் அப்படி ஒன்று தைத்தார். நடுவில், இன்னார் இந்தச் சிறையில் இருந்தபடி 1941 டிசம்பரில் இதை முடித்தார் என்று சாதுவான வாசகம். அலங்காரத்துக்கு ஸ்வஸ்திகா. கழுகு. சிங்கம். சுற்றிலும் சின்னதும் பெரிசுமாகக் கோடும் புள்ளியும் கலந்த பார்டர்.

ஜெர்மன் அதிகாரிகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்வஸ்திகாவெல்லாம் போட்டிருக்கிறானே! கண்காட்சியில் வைத்தார்கள். அவரை முகாம் மாற்றியபோது அங்கேயும் வைத்தார்கள். மொத்தம் நான்கு முகாம்கள், நான்கு வருஷம்.

அந்தப் பார்டர் மோர்ஸ் கோட்!

இரண்டு நீளம் ஒரு புள்ளி என்றால் ஜி. மூன்று நீளம் என்றால் ஓ. ஒரு நீளம் இரண்டு புள்ளி, டி. அப்படியே படித்துக்கொண்டு போனால் ஒரு வரிசையில் 'காட் சேவ் தி கிங்'. இன்னொரு வரிசையில் ஹிட்லரின் பெயருக்கு முன்னால் நாலெழுத்து ஆங்கிலக் கெட்ட வார்த்தை. ஜெர்மன் ராணுவத்தில் மோர்ஸ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? அத்தனை பேரும் அதைக் கடந்துபோனார்கள், ஒருவர்கூடப் படிக்கவில்லை. தையலில் போய் யார் செய்தி தேடுவார்கள்?

கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மனிதர் அடங்கவில்லை. பிரிட்டிஷ் கொடி வைத்திருப்பது முகாமில் குற்றம். அவர் ஒரு யூனியன் ஜாக் தைத்தார். அதன்மேல் ஒரு துணி மடிப்பைத் தைத்து மூடினார். மடிப்பின் மீது ஜெர்மன் மொழியில், 'திறக்காதே'. வாராவாரம் அதே அதிகாரி வந்து மடிப்பைத் தூக்கிப் பார்ப்பாராம். இது சட்டவிரோதம் என்பாராம். நானா காட்டினேன், நீங்கள்தானே திறந்து காட்டுகிறீர்கள் என்று இவர் பதில் சொல்வாராம். மறுவாரம் மறுபடி இதே வசனம். அந்த ஜெர்மானியருக்கும் பொழுது போகவில்லையோ என்னவோ.

பிற்பாடு செஞ்சிலுவை அனுப்பிய நூலும் துணியும் வந்து சேர, மற்றக் கைதிகளுக்கு வகுப்பே எடுத்தார். மீசை வைத்த ராணுவ அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து கண்ணி எண்ணுகிற காட்சி! செஞ்சிலுவை தன் உயிரைக் காப்பாற்றியது, எம்ப்ராய்டரி தன் புத்தியைக் காப்பாற்றியது என்று அவர் சொல்வார் என்பது மகனின் நினைவு. விடுதலையான பிறகும் ஊசியை அவர் கீழே வைக்கவில்லை. 1990-ல் இறக்கும்வரை தைத்தார். மகனுக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது. அந்த சாம்ப்ளர், 2011-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியக் கண்காட்சியில் எல்லோரும் படிக்கிறாற்போல் தொங்கியது.

* * *

மேஜர் தைத்தது எதிரியைக் கேலி செய்ய. சிங்கப்பூரில் தைத்தவர்களுக்கு அந்த உல்லாசம் இல்லை.

1942, பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்குப் பிறகு சயாம் ரயில் பாதையில் நம் தமிழர்கள் பட்ட பாடு தனிக் கதை, இங்கே தொட்டால் நிற்காது. மார்ச் மாதம், ஐரோப்பிய சிவிலியன்களைச் சாங்கி சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர். அந்தச் சிறை மொத்தமே 600 கைதிகளுக்காகக் கட்டியது. அதில் 2,400 பேரை அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ராணுவத்திலிருந்த கணவன்மார் வேறு முகாமில். கூப்பிடு தூரம்தான். ஆனால் பேச்சு கூடாது, கடிதம் கூடாது. புருஷன் செத்தானா இருக்கிறானா, அவளுக்குத் தெரியாது. அவள் கப்பலேறித் தப்பினாளா, கப்பலோடு மூழ்கினாளா, அவனுக்குத் தெரியாது.

அந்தச் சிறைக்குள் முதலில் ஊசி எடுத்தது சிறுமிகள். எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை சுமார் 20 பேர். எலிசபெத் என்னிஸ் என்ற பெண்மணி அவர்களைச் சேர்த்து வாரம் ஒருநாள் கேர்ள் கைட்ஸ் வகுப்பு நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்கு ரகசியமாக ஒரு பரிசு கொடுக்கவேண்டும் என்று குட்டிகளுக்கு ஆசை. கிழிந்த உடுப்புகளிலிருந்து துணுக்குகள் வெட்டி அறுகோணம் அறுகோணமாகச் சேர்த்து ஒரு ஒட்டுப்போர்வை தைத்தார்கள். நூல், பழைய துணியைப் பிரித்து எடுத்தது. காவலாளி வந்தால் ஒளித்துவிடுவார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தைத்தாள்.

இதைப் பார்த்தபோதுதான் எதெல் மல்வேனிக்குப் பொறி தட்டியது. கனடாக்காரி. சிறையில் செஞ்சிலுவைப் பிரதிநிதி. கமாண்டன்ட்டிடம் போய் நின்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் போர்வை தைக்க அனுமதி வேண்டும் என்றார். பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று. கூடவே, காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கும் ஒன்று! மூன்றாவதைச் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் இரண்டு நடந்திருக்காது. அனுமதி கிடைத்தது.

ஒரு போர்வைக்கு 66 சதுரம். ஒவ்வொரு சதுரமும் ஆறு இன்ச். ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுத்து, உன்னைப் பற்றி ஏதாவது இதில் தை என்று சொல்லப்பட்டது. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், வாழ்க்கையில் ஊசி பிடிக்காத துரைசானிகளும் இருந்தார்கள். சிலருடைய கண்ணிகள் சீராக ஓடுகின்றன. சிலருடையவை தடுமாறுகின்றன. அழகுப் போட்டியா நடக்கிறது? ஒருத்தி ஊரில் விட்டுவந்த வீட்டைத் தைத்தாள். ஒருத்தி பூ. ஷீலா ஆலன் என்ற 17 வயதுப் பெண் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைத் தைத்தாள். அவள் அதுவரை அந்த நாட்டைப் பார்த்ததில்லை, அப்பாவின் ஊர். சிலர் சிறையையே கிண்டல் செய்தார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருந்தது. தைத்தவளின் பெயர்.

கமாண்டன்ட் பார்த்தது பூப்போட்ட போர்வை. போர்வை ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே படுக்கையில் கிடந்த ஆண்கள் அதை விரித்து ஒவ்வொரு சதுரமாகப் பெயர் தேடினார்கள். இந்தப் பெயர் இருக்கிறது என்றால் இவள் உயிரோடு இருக்கிறாள். வார்டிலிருந்து முகாமுக்குச் செய்தி போயிற்று.

மூன்று போர்வைகளும் போருக்குப் பிறகு பிழைத்தன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. மற்ற இரண்டும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், போர் நினைவு மியூசியத்தில். சிறுமிகளின் அறுகோணப் போர்வை லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில். ஜப்பானியர்களுக்குத் தைத்த போர்வையில் வீடு இல்லை, வரைபடம் இல்லை, கிண்டல் இல்லை. பெரும்பாலும் பூக்கள். சாக்குக்காகத் தைத்ததுதான். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை.